சாப்பாடு கவனம், உடம்பு கவனம்

புதிதாக நியமனம் கிடைத்து வந்திருக்கும் தங்கச்சிமாருக்கு,

ஓய்வுபெற்ற மிட்வைஃப்மாருக்கு இரண்டு வருத்தங்கள் நிச்சயம் வரும். ஒன்று முழங்கால் வலி. மற்றது அறிவுரை சொல்லும் வருத்தம். முதலாவதுக்கு எண்ணெய் பூசிக்கொள்கிறேன். இரண்டாவதுக்கு நீங்கள் அகப்பட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பொறுப்பாளர் என்னிடம் "அனுபவத்தில் ஒண்டு எழுதித் தாங்கோ மிஸ்" என்று கேட்டபோது, கொட்டும் மழையில் ஓட்டோவுக்குள் பிரசவம் பார்த்த கதை ஏதாவது வரும் என்று நினைத்திருப்பார். அப்படிக் கதைகளும் என்னிடம் உண்டு. ஆனால் அவை தானாக நடந்தவை. பிள்ளை வருகிற வேகத்தில் கையை நீட்டத் தெரிந்தால் போதும். நான் எழுதப்போவது உடம்பு கூடிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நடக்கவைத்த கதை. இதில் என்ன இருக்கிறது என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஒருத்தியை நடக்கவைக்கப் போய்ப் பாருங்கள், பிறகு கதைப்போம்.

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். கிளினிக்கில் தாய்மாரை நிறுக்கும்போது எடையை உரத்துச் சொல்லாதீர்கள். அது ஏலம் போடும் இடம் அல்ல. நானும் மெலிந்த ஆள் இல்லை. நான் ஏறினால் எங்கள் ஒழுங்கை ஓட்டோக்காரர் தன் சீட்டில் மற்றப் பக்கமாகச் சரிந்து உட்காருவார், வண்டி நேராக நிற்கட்டும் என்று. ஆகவே எனக்குத் தெரியும். தராசில் ஏறி நிற்கிற பெண்ணுக்குத் தன் எடை முன்னமே தெரியும். வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மற்றவர்களுக்கு அது தெரியத் தேவையில்லை.

இனி ஷெரின். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் இருந்தவள். கணவன் டெரன்ஸ் துறைமுகத்தில் கிளார்க். மாமியார் ரீட்டா அன்ரி, அந்த ஒழுங்கையின் மிகச் சிறந்த சமையல்காரி என்று அவரே சொல்வார், நானும் மறுக்கமாட்டேன். ஷெரினுக்கு முன்பு இரண்டு கர்ப்பம் தங்கவில்லை, இரண்டும் மூன்றாம் மாதம் தாண்டுவதற்கு முன்பே போய்விட்டன. இது மூன்றாவது. ஐந்தாம் மாதம் வரை வந்துவிட்டது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் சிரிக்கச் சிரிக்கக் கதைக்கிற பெண். "எனக்கு மூச்சு விட்டாலும் வெயிட் கூடும் மிஸ்" என்பாள். கிளினிக் முழுக்கச் சிரிக்கும். தன்னை மற்றவர்கள் பகிடி பண்ணுவதற்கு முன் தானே பண்ணிவிட வேண்டும் என்று பழகியவர்கள் இப்படித்தான் இருப்பார்கள். அப்படி ஒருத்தியைக் கண்டால் நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

எங்கள் கிளினிக்குக்கு வந்த பெரிய டொக்டர் சிங்களவர். தமிழ்த் தாய்மாரிடம் தமிழில் கதைக்க வேண்டும் என்று மெனக்கெட்டுக் கொஞ்சம் கற்றிருந்தார். சிறு பிள்ளை புதுச் சட்டையைக் காட்டுவது போல அந்தத் தமிழை எல்லோருக்கும் காட்டுவார். ஷெரினைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார். பிள்ளை நன்றாக இருக்கிறது. பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்.

"சாப்பாடு... கவனம். உடம்பு... கவனம்."

ரீட்டா அன்ரி கும்பிட்டுவிட்டு மருமகளைக் கூட்டிப்போனார்.

அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது எடை ஏறியிருந்தது. ஏறியிருந்தது என்றால் கொஞ்ச நஞ்சம் அல்ல. இரத்தத்தில் சீனியும் கூடியிருந்தது. டொக்டர் முகத்தைச் சுருக்கி, ஒரு மாதம் தருகிறேன், சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு பண்ணிப் பார்ப்போம், அதற்கும் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி தொடங்கவேண்டும் என்று எனக்குச் சிங்களத்தில் சொன்னார். பிரஷரும் சேர்ந்து கூடினால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன ஆபத்து என்று உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை, அதற்குத்தானே உங்களுக்குப் பெரிய புத்தகங்கள் தந்திருக்கிறார்கள்.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். ஷெரின் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் ஒரு பீங்கான் நிறைய இடியப்பம், சொதி, மேலே ஒரு முட்டை. அதற்குப் பக்கத்தில் பால் தேத்தண்ணி.

"வாங்க மிஸ், வாங்க" என்றார் ரீட்டா அன்ரி. "டொக்டர் சொன்ன மாதிரியே கவனிக்கிறம். சாப்பாட்டுல ஒரு குறையும் வைக்கல்ல. கால கீழ வைக்கவும் விடுறதில்ல."

"டொக்டர் என்ன சொன்னவர் அன்ரி?"

"சாப்பாடு கவனம், உடம்பு கவனம் எண்டு சொன்னாரே! நீங்களும் பக்கத்துலதானே நிண்டீங்க. நல்ல மனுசன். தமிழ்லயே சொன்னாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எங்கள் ஆட்கள் ஒருவரை நன்றாகக் கவனித்தார்கள் என்றால் என்ன அர்த்தம்? போட்டுப் போட்டுச் சாப்பிடவைத்தார்கள் என்று அர்த்தம். ஒருவரைப் பார்த்து "கவனம்" என்றால்? விழுந்துவிடாதே, பேசாமல் இரு என்று அர்த்தம். டொக்டர் சொன்னது சாப்பாட்டில் அளவு பார், உடம்பு ஏறாமல் பார் என்று. அன்ரியின் காதுக்குப் போனது வயிறு நிறையப் போடு, அசையவிடாதே என்று. பாவம், அந்த மனுசி டொக்டரின் சொல்லை ஒரு நாளும் தவறவிடாமல் அப்படியே நிறைவேற்றியிருக்கிறார். கீழ்ப்படிவு கூடினாலும் ஆபத்துத்தான்.

பிறகு இதை டொக்டரிடம் சொன்னபோது அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எஹெனம் மொகத கியன்னே?" அப்படியென்றால் என்னதான் சொல்வது என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த தாய்மாருக்கெல்லாம் "சோறு கொஞ்சம், மரக்கறி நிறைய, ஒவ்வொரு நாளும் நடங்க" என்று பாடமாக்கிச் சொல்வார். மெலிந்து எலும்பாக வந்தவளுக்கும் அதையே சொல்லப் போய் நான் அவர் காலை மிதித்து நிறுத்தியது வேறு கதை.

அன்ரியின் சமையலில் நான் கைவைக்கவில்லை. இதைக் கவனியுங்கள், சரி, கவனியுங்கள் என்று சொல்லமாட்டேன், நன்றாகக் கேளுங்கள். ஒரு வீட்டுக்குப் போய், அங்கே சமைக்கிறவரிடம் உங்கள் சாப்பாடு பிழை என்று சொன்னால், அடுத்த முறை உங்களுக்குக் கதவு திறக்காது. நான் பீங்கானை மட்டும் மாற்றி அடுக்கினேன். பாதிக்கு வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணியும் போஞ்சியும். மிச்சத்தில் ஒரு பங்குக்கு மீனோ முட்டையோ பருப்போ. கடைசிப் பங்குக்குச் சோறு. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், போத்தல் சோடா வேண்டவே வேண்டாம். "உங்கட வல்லாரைச் சம்பலுக்கு முன்னால இந்த ஒழுங்கையில ஆர் நிற்கேலும் அன்ரி?" என்றேன். அன்று பின்னேரமே மரக்கறி மூன்றாகிவிட்டது.

பட்டினி போடவும் நான் விடவில்லை. வெள்ளவத்தையில் ஒரு பெண், கம்ப்யூட்டர் வேலை, தானாகவே போனில் எதையோ பார்த்துவிட்டு வெறும் வெள்ளரிக்காயே சாப்பிட்டு, பஸ்ஸுக்குள் மயங்கி விழுந்தது எனக்கு மறக்கவில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மெலியப் பார்ப்பது அல்ல இந்த வேலை. அளவாக ஏறவேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளே சரி. ஒழுங்கையை என்ன செய்வது? பக்கத்து வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். கீழ் வீட்டிலிருந்து ரோல்ஸ் வரும். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று எல்லோருக்கும் பயம். ஷெரின் ஆசைப்படுகிறாளா இல்லையா என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. திருப்பி அனுப்பினால் உறவு முறியும். ஆகவே ஒரு ஒழுங்கு செய்தேன். ஷெரின் ஒரு கரண்டி ருசி பார்ப்பாள், மிச்சத்தை டெரன்ஸ் முடிப்பார். டெரன்ஸ் சொன்ன சொல் தட்டாத மனிதன். மாத முடிவில் புருசன் பெண்சாதி இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால் ஆருக்கு ஏழாம் மாதம் என்று சந்தேகம் வந்திருக்கும்.

சாப்பாடு இப்படிச் சரிவந்தது. நடைதான் வரவில்லை.

நடப்பதற்கு டொக்டரிடம் முறையாக அனுமதி வாங்கினேன். நச்சுக்கொடி மேலேதான் இருக்கிறது, இரத்தக்கசிவு இல்லை, பிரஷர் சரி, தாராளமாக நடக்கலாம் என்றார். அனுமதி வாங்காமல் நீங்கள் ஒருத்தியையும் நடக்கவிடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து அல்ல இது. ஆனால் அனுமதி கிடைத்த பிறகும் ஷெரினுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு. மழை என்பாள். செருப்பு வார் அறுந்துவிட்டது என்பாள். ஒரு நாள் "டீவி நாடகத்துல இண்டைக்குக் கலியாணம் மிஸ், நான் போகாட்டி தாலி கட்ட மாட்டாங்க" என்றாள். பஞ்சிக்காரி என்று நானும் மனதுக்குள் நினைத்தேன். சிரித்துக்கொண்டே பொய் சொல்கிறவளிடம் கோபிக்கவும் முடியாது.

ஒரு நாள் அன்ரி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போன நேரம் பார்த்து, "உண்மையைச் சொல்லு பிள்ளை, என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"முதலாவது, பஸ்ஸுக்கு ஓடின அண்டைக்குத்தான் போச்சு மிஸ். ரெண்டாவது, கோயில் திருநாளுக்குச் சொரூபத்துக்குப் பின்னால சுத்துப்பிரகாரத்துல நடந்தேன், அந்தக் கிழமையே போச்சு. ஆடி ஓடித் திரிஞ்சாய், அதுதான் எண்டு மாமியும் சொன்னாங்க." பிறகு குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நான் நடந்தா இதுவும் போயிரும் மிஸ்."

சொன்னேன். ஆரம்ப மாதங்களில் கலைவது பெரும்பாலும் கரு உருவாகும்போதே சரியாக உருவாகாததால், நடந்ததால் அல்ல, பஸ்ஸுக்கு ஓடியதால் அல்ல என்று எனக்குத் தெரிந்த எல்லா விதமாகவும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். தலை ஆட்டுவது வேறு, நம்புவது வேறு. அதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். உடம்பு கூடிய பெண் அசையாமல் இருந்தால் உலகம் முழுக்கச் சோம்பேறி என்று சொல்லும். நீங்கள் அந்த உலகத்தோடு சேராதீர்கள். எதற்குப் பயப்படுகிறாள் என்று கேளுங்கள்.

ஆகவே நடை என்ற சொல்லையே விட்டுவிட்டேன். "நாடகத்துக்கு நடுவில விளம்பரம் வரும்தானே? விளம்பரம் வந்தால் எழும்பு, விறாந்தை வரைக்கும் போ, திரும்பி வா. நாடகம் தொடங்கினால் இரு" என்றேன். அதற்கு மறுப்பு இல்லை. எங்கள் தொலைக்காட்சிக்காரர் நாடகத்தைவிட விளம்பரத்தைத்தான் கூடுதலாகக் காட்டுகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் உபகாரமாகப் பட்டது. சவர்க்காரத்துக்கு ஒரு நடை, பால்மாவுக்கு ஒரு நடை. பிறகு விறாந்தையிலிருந்து படி. படியிலிருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்கை.

கூட நடக்க ரீட்டா அன்ரியையே பிடித்தேன். வேகத்துக்கு ஒரே ஒரு சட்டம் வைத்தேன். நடக்கும்போது ஊர்க்கதை கதைக்க முடியவேண்டும். மூச்சு வாங்கி ஊர்க்கதை நின்றால் நடையும் நிற்கவேண்டும். தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால், இரத்தமோ தண்ணீரோ போனால், வயிறு இறுகி இறுகி வந்தால் உடனே நின்று என்னைக் கூப்பிடவேண்டும். முதல் சட்டத்தை அன்ரி மிகவும் ரசித்தார். ஊர்க்கதைக்கு டொக்டரின் அனுமதி கிடைத்தது அந்த ஒழுங்கையில் அவர் ஒருவருக்குத்தான்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு பின்னேரம். என் வேலை முடிந்து நானும் அவர்களோடு நடந்தேன். ஷெரின் எதற்கோ சிரித்துக்கொண்டு டக்கென்று திரும்பினாள். அப்படியே அடிவயிற்றின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, போச்சே! என்ட பிள்ளைய நடக்க வச்சிக் கெடுத்திட்டீங்களே!" ரீட்டா அன்ரி என்னைப் பார்த்துத்தான் கத்தினார். கடைக்கார முதலாளி அவளை இருத்த ஒரு கதிரையோடு ஓடி வந்தார். "மிஸ், மொகத உனே?" என்ன நடந்தது என்று ஒழுங்கையே கேட்டது.

தங்கச்சிமாரே, நான் எழுத உட்கார்ந்தது இந்த இடத்துக்காகத்தான்.

திடீரென்று திரும்பியதால் கர்ப்பப்பையைத் தாங்கும் நார் இழுபட்டிருக்கும் என்று எனக்குப் பார்த்தவுடனே தோன்றியது. இத்தனை வருடத்தில் எத்தனை பேரில் கண்டது. "ஒண்டுமில்லை, எழும்பு" என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் யோசித்தேன், அதைச் சொல்ல ஏன் இவ்வளவு அவசரம் எனக்கு? நடக்கவைத்தது நான். ஒன்றுமில்லை என்றால் நான் தப்பினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்கிற ஒரு சொல்லை நோயாளிக்கு மருந்தாகக் கொடுக்கக்கூடாது. அந்தச் சொல் சரியாகவே இருந்தாலும் கூடாது.

குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கக் கேட்டேன். இரத்தம் போகிறதா? இல்லை. தண்ணீர்? இல்லை. வலி விட்டு விட்டு வருகிறதா? இல்லை, பிடித்தபடி இருக்கிறது. பிள்ளை அசைகிறதா? "தெரியல்ல மிஸ்" என்றாள். பயத்தில் அவள் ஒன்றும் தெரியக்கூடிய நிலையில் இல்லை. ஓட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அன்ரி செபம் சொன்னார், இடைக்கிடை என்னையும் திட்டினார். ஷெரின் என் கையை விடவில்லை.

பிள்ளை பிறந்த கதை கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். மாதம் நிறைந்து, ஆண்பிள்ளை, நல்ல குரல். இன்றைக்கு அவன் பின்னால் ஓட மூன்று பேர் வேண்டும். நான் சொல்ல வந்தது அது அல்ல, அந்த வார்டில் நடந்தது.

வார்டில் இருந்த டொக்டர் ஒரு பெண், வயதில் உங்களைப்போல இருப்பாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், எல்லாம் பார்த்தாள். இரத்தச் சோதனையில் சீனியும் இறங்கியிருந்தது. பிறகு இதயத் துடிப்புக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தாள். முதலில் வெறும் இரைச்சல். கொஞ்சம் நகர்த்தினாள். டக்கு டக்கு டக்கு என்று பிள்ளையின் இதயம் அறை முழுக்கக் கேட்டது.

"நார் இழுபட்டிருக்கு, அவ்வளவுதான்" என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னாள். "டக்கென்று திரும்பாமல், மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். நடப்பதை விடத் தேவையில்லை. வீட்டுக்குப் போகலாம்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். ஷெரின் நான் சொன்னதைக் கேட்டாளோ தெரியாது. அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நடந்தும் இருக்கு" என்றாள்.

"ஓம், இருக்கு."

"நடந்தும் இருக்கு மிஸ்." பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப... மத்த ரெண்டும் என்னால போகல்லயா?"

எனக்கு எதற்கும் ஒரு பகிடி வரும். அன்றைக்கு வரவில்லை. "இல்லை பிள்ளை. உன்னால போகேல்லை" என்றேன். முன்பு எத்தனை விதமாகச் சொன்ன அதே விஷயம்தான். அன்றைக்குத்தான் அவள் அழுதாள். சிரித்துச் சிரித்து ஒளித்துவைத்திருந்த எல்லாவற்றையும் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. மிட்வைஃப் அழக்கூடாது என்று உங்களுக்கு ஆரும் சொன்னால் நம்பாதீர்கள்.

ரீட்டா அன்ரி கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தார். செபமாலை கையில் அப்படியே நின்றுபோயிருந்தது. நாங்கள் கதைத்தது முழுக்க அவருக்குக் கேட்டிருந்தது.

"ஆடி ஓடித் திரிஞ்சதாலதான் எண்டு அண்டைக்கு நான் சொன்னது பிழ மகள்" என்றார்.

பிறகு தன் கனத்த உடம்போடு மெதுவாகக் குனிந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த ஷெரினின் செருப்பு இரண்டையும் எடுத்து, அவள் வீங்கிய காலுக்கு நேரே வைத்தார்.

"போட்டுக்கொள்ளு. பஸ் ஹோல்ட் வரைக்கும் நடந்து போவம்."